உப்புப் பார்க்கிறவள்

ஜனவரி 2

அபிநயா இன்று ஆளுக்கொரு டைரி கொடுத்தாள். அட்டையில் பச்சை எழுத்தில் 'வயல்கறி' என்று கம்பெனிப் பெயர் போட்டிருக்கிறது. "ஆன்ட்டி, தினமும் எதைச் சாப்பிட்டுப் பார்த்தீங்க, எப்படி இருந்துச்சுன்னு எழுதி வைங்க. பின்னாடி உதவும்" என்றாள். அவள் எழுதச் சொன்னது கறியைப் பற்றி. நான் எழுத உட்கார்ந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலாமணி, ஐம்பத்து மூன்று வயது, ஊர் சோமனூர். வீட்டுக்குப் பின்னால் எங்கள் தறிக்குடோன். தறிகளை எடைக்குப் போட்ட பிறகு ஒன்றரை வருஷம் பூட்டியே கிடந்தது. போன ஆனியில் அபிநயா ஐந்து பேரோடு வந்து வாடகைக்குக் கேட்டாள். ஆட்டை அறுக்காமல் ஆட்டுக்கறி செய்யப் போகிறாளாம். சோயாவையும் பட்டாணியையும் மாவாக்கி, மெஷினில் கொடுத்து, நார் நாராகப் பிழிந்து எடுப்பார்களாம். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் மதில் தாண்டி வாசம் வந்தது. நேரே போய், "ஏனம்மணி, சாக்கை நனைச்சு வேக வெக்கறீங்களா?" என்று கேட்டேன். ஐந்து பேருக்கும் முகம் செத்துப் போய்விட்டது. அபிநயா மட்டும் ஒரு தட்டை நீட்டி, "என்ன குறைன்னு சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். மறுநாளே வேலை போட்டுக் கொடுத்துவிட்டாள். வாய்க்குச் சம்பளம் வாங்குகிற ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான் முதல்.

ஜனவரி 9

காலையில் பதினோரு கிண்ணம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெந்நீரும் ஒரு கை பொரியும். நான்காவது பரவாயில்லை. மீதியெல்லாம் கடித்தால் பிரிகிறதே தவிர, பல்லோடு வம்பு பண்ணவில்லை. கறி என்றால் கொஞ்சம் வம்பு பண்ண வேண்டும்.

கொழுப்புதான் பெரிய தலைவலி. தேங்காய் எண்ணெயை வைத்து ஏதோ செய்கிறார்கள். அது வாயில் போட்டதும் ஓடிவிடுகிறது. ஆட்டுக் கொழுப்பு அப்படி ஓடாது. உதட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். தாரணி சின்னதில் நல்லி எலும்பை உறிஞ்சிவிட்டு உதடு மினுமினுக்க ஓடி வருவாள். என் முந்தானையில் துடைத்துவிடுவேன். அந்த உதட்டை நினைத்துக்கொண்டுதான் "இன்னும் ஒட்டணும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

தாரணி என் மகள். ஒரே மகள். ஓசூரில் இருக்கிறாள்.

ஜனவரி 26

நிஜக் கறி ஒரு துண்டும் நம் கறி ஒரு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறாள் அபிநயா. கம்பெனிக்குள் கறி வரக்கூடாது என்பதால் தன் வீட்டில் சமைக்கிறாளாம். நான் மாட்டேன் என்றேன்.

"ஒரே துண்டு ஆன்ட்டி."

"நான் விட்டு மூணு வருஷமாச்சு அம்மணி."

"விரதமா?"

"அப்படித்தான்னு வெச்சுக்க."

"அப்புறம் எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

விட்டவளுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 16

ஞாயிறு. தெருவில் நாலு வீட்டில் கறி கொதிக்கிறது. கொத்தமல்லி வறுக்கிற வாசம் முதலில் வரும், அப்புறம் சின்ன வெங்காயம். எங்கள் வீட்டில் பாசிப்பருப்பும் கீரையும். என் வீட்டுக்காரர் அதையே சாப்பிட்டு எழுந்தார். நான் கறி சமைக்காததால் அவரும் மூன்று வருஷமாக வீட்டில் கறி சாப்பிடவில்லை. வெளியே சாப்பிடுகிறாரோ என்னவோ, நான் கேட்டதில்லை.

தாரணி ஏன் வருவதில்லை என்று எழுதிவிடுகிறேன். கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். ஆவுடையப்பன், திருநெல்வேலிப் பக்கம், சைவக் குடும்பம். முட்டைகூடத் தொடமாட்டார்கள். நாங்கள் தடுக்கவில்லை, கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டில் கறிவிருந்து வைக்க வேண்டும். மாப்பிள்ளை இலையில் நல்லி விழுந்தால்தான் சம்பந்தம் முழுசான மாதிரி. மாப்பிள்ளை சைவம் என்பதற்காகப் பங்காளிகளை வெறும் சாம்பாரோடு அனுப்ப முடியுமா? அவர்களுக்குக் கறி வைத்தோம். மாப்பிள்ளைக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், காளான் குழம்பு. எல்லாம் என் கையாலேயே செய்தேன்.

மூன்றாவது வாயில் மாப்பிள்ளைக்குப் பல்லில் ஏதோ பட்டது என்றார். ஏலக்காய்த் தோலாக இருக்கும். எழுந்து போய் வாந்தி எடுத்தார். அதற்கு என் வீட்டுக்காரர் கண்டபடி பேசிவிட்டார். அவர்கள் இலையை மூடிவிட்டுத் தாரணியோடு போனவர்கள்தான். எல்லாம் இவர் வாயால் வந்த வினை.

மார்ச் 11

கொழுப்பு உட்கார்ந்துவிட்டது! கொப்பரையை லேசாக வறுத்து எண்ணெய் எடுத்து, அரிசிக் கஞ்சி மாதிரி எதிலோ கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். வாயில் வைத்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிவிட்டேன். அபிநயா துள்ளிக் குதித்தாள். அவள் கட்டிப்பிடித்ததில் என் தலைத் தொப்பி கழன்று கிண்ணத்தில் விழுந்தது.

மார்ச் 29

ஈரோட்டுக் கல்யாண சமையல்காரர் ஒருவர் நூறு கிலோ கேட்டிருக்கிறார். ஆறு பேராக இருந்தவர்கள் இப்போது முப்பத்து நாலு. குடோன் பத்தவில்லை. சூலூருக்குப் பக்கத்தில் இடம் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 14

தாரணி போன் பண்ணினாள். வருஷப்பிறப்பு, தீபாவளி, என் பிறந்தநாள் என்று வருஷத்துக்கு மூன்று போன்தான். அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, வேலை எப்படிப் போகிறது, மழை பெய்ததா என்று கேட்டாள். "என்னம்மா சமையல்?" என்று மட்டும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. நானும் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்க வாயெடுத்து, மென்று முழுங்கிவிடுகிறேன்.

நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி. போனை வைத்த பிறகும் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என் மகளைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மே 4

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. ஏன் முன்னாடியே வரவில்லை என்று தெரியவில்லை. மாப்பிள்ளை கறி சாப்பிடமாட்டார். நம் கறியில் கறியே இல்லை. நின்றுபோன விருந்தை இதை வைத்தே முடித்தால் என்ன? கறிவிருந்து ஆன மாதிரியும் ஆச்சு, சைவத்துக்குப் பங்கம் இல்லை. சோயாவுக்கும் பட்டாணிக்கும் எந்தச் சாமி கோபிக்கப் போகிறது?

இன்னும் நன்றாக வரட்டும். பங்காளிகளே ஏமாறுகிற அளவுக்கு வரட்டும். அப்புறம் கூப்பிடுகிறேன்.

ஜூன் 15

கோவையில் ஒரு மண்டபத்தில் சோதனை வைத்தார்கள். அறுபது பேர். ஆளுக்கு இரண்டு கிண்ணம், ஒன்றில் ஆடு, ஒன்றில் நம்முடையது. எது எது என்று சொல்ல வேண்டும். நாற்பத்தோரு பேர் தப்பாகச் சொன்னார்கள். கறிக்கடை வைத்திருக்கிற ஒருவரே நம் கிண்ணத்தைக் காட்டி, "இது நல்ல வெள்ளாட்டுக் கறிங்க" என்று அடித்துச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அபிநயா அழுதேவிட்டாள்.

நான் பின்பக்கம் போய்க் கைகழுவுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே ஒரு வாஷ்பேசின். அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை வாந்தி எடுத்தது ஞாபகம் வந்தது. தின்கிறவர்களுக்குத் தெரியாமல் செய்வதில் நான் கெட்டிக்காரி என்பது எனக்குப் புதிதா என்ன?

ஜூலை 8

இன்று கம்பெனியில் பெரிய களேபரம். மசாலா கலக்குகிற கவுசல்யா சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தவள், தன் டிபன் ஸ்பூனாலேயே அண்டாவில் ஒரு கிளறு கிளறி ருசி பார்த்துவிட்டாள். அந்த ஸ்பூனால்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்த கறிக்குழம்பைக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஸ்பூனைக் கழுவித்தான் எடுத்து வந்தாளாம். ஒருத்தரும் பார்க்கவில்லை. அவளாகவே ஓடிவந்து, "மேடம், தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றாள்.

நானூறு கிலோ. அத்தனையையும் கொட்டச் சொன்னாள் அபிநயா.

"கழுவின ஸ்பூன்தானே அம்மணி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

அபிநயா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "சாப்பிடறவங்களுக்குத் தெரியாதுங்கறதுனாலதானே ஆன்ட்டி நாம ஜாக்கிரதையா இருக்கணும்?" என்றாள்.

கவுசல்யாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. "தானா வந்து சொன்னாங்கல்ல" என்றுவிட்டாள்.

ஜூலை 9

நானூறு கிலோ.

ஜூலை 13

கவுசல்யாவுக்கு வயது இருபத்து மூன்று. அவள் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? எனக்கு மூன்று வருஷமாக ஆகவில்லை. டைரியில்கூட ஏலக்காய்த் தோல் என்று எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று இதிலும் பொய்.

அது ஏலக்காய்த் தோல் இல்லை. எலும்புச் சில்லு.

காளான் குழம்பை இறக்கும்போது ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. பக்கத்து அடுப்பில் எலும்புச் சாறு தளதளவென்று கொதிக்கிறது. என் வீட்டு விருந்தில் என் மாப்பிள்ளை இலையில் மட்டும் சப்பென்று ஒரு குழம்பா? ஊரே மெச்சுகிற கை இது. ஒரே ஒரு கரண்டி. எடுத்து ஊற்றிவிட்டேன். பிரியமாகத்தான் ஊற்றினேன். பிரியம் மட்டுமா? பிடித்துப்போனால் போகப் போகப் பழகிவிடுவார், என் மகள் தன் வீட்டிலும் நல்லி உறிஞ்சுவாள், அவள் முழுசாக அந்தப் பக்கம் போய்விட மாட்டாள் என்றும் இருந்தது. சாற்றை வடிகட்டியிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்தவள்தான் நான்.

வாஷ்பேசினில் மாப்பிள்ளை குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். தாரணி என்னிடம் வந்து, "அம்மா, ஏதாவது போட்டியா?" என்று கேட்டாள். "உன் மேல சத்தியமா ஒன்னும் போடலை கண்ணு" என்றேன். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் இவர் எழுந்தார். "சைவம்னு நடிக்கறானுங்க. என்ற பொண்டாட்டி சமைச்ச சோத்தைக் கேவலப்படுத்தறானுங்க. கறி திங்காதவனுக்கு என்ற வீட்டுல என்ன வேலை?" என்று கத்தினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து கறி எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

ஜூலை 20

இவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். உருவிய காம்போடு அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப அந்தப் பையன் நடிக்கலை" என்றார்.

"இல்லீங்க."

"மூணு வருசமா என்ற வாயாலதான் புள்ளை வரலைன்னு நான் வெசனப்பட்டுக்கிட்டுக் கெடக்கறேன். உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியுமுங்க."

கீரையை என் மடியில் கொட்டிவிட்டு எழுந்து போனார்.

ஜூலை 29

ஒன்பது நாளாகப் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறார். இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே, "நீதான் புள்ளைகிட்டச் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதுவாவது சொன்னாரே.

ஆகஸ்ட் 17

சொல்லிவிட்டேன். நானே போன் பண்ணினேன். எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், அப்படியும் பாதியில் குழறிப்போய்விட்டது.

தாரணி முழுசாகக் கேட்டாள். அப்புறம், "எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றாள். "அந்த எலும்பை அவர் கர்ச்சீப்புல மடிச்சு வெச்சிருந்தார். வண்டியில எங்கிட்டக் காட்டினார். அப்பா பேசினதை நாங்க அப்பவே மறந்துட்டோம். நீ என் மேல சத்தியம் பண்ணினே பாரு, அதுதான். நீயாச் சொல்லுவே, நீயாச் சொல்லுவேன்னு ஒவ்வொரு போனுக்கும் காத்துக்கிட்டிருந்தேன்."

நான் அழுதேன். அழுகையோடு அழுகையாக என் யோசனையையும் சொல்லித் தொலைத்தேன். "மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா கண்ணு. எங்க கம்பெனிக் கறியில விருந்து வெக்கறேன். அது முழுக்கச் சைவம். பாக்கெட்டுல பச்சைப் புள்ளியே போட்டிருக்குது."

"பாக்கெட்டுல இருக்கும்மா. உன் கையில இல்லையே."

எழுதி வைத்திருந்த தாளைக் கீழே வைத்தேன்.

"கறிக்கடைக்காரரே ஏமாந்துட்டாராமே, பேப்பர்ல படிச்சேன். அவ்வளவு கறி மாதிரி இருக்கறதை நீ பரிமாறினா, இது அது இல்லைன்னு அவர் எதை வெச்சும்மா நம்புவார்?"

ஆகஸ்ட் 18

எட்டுக் கிண்ணம். எல்லாமே அருமை. அசல் கறியே தோற்றுவிடும். ஒவ்வொரு கிண்ணமும் நன்றாக இருக்க இருக்க ஓசூர் தூரமாகிக்கொண்டே போகிறது.

செப்டம்பர் 21

இவர் யாரிடமும் சொல்லாமல் ஓசூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார். வாசலில் நின்று மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாராம். மாப்பிள்ளை இவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இட்லி வைத்தாராம்.

"எத்தனை இட்லி?" என்று கேட்டேன்.

"ஆறு."

"சட்னி?"

"நம்ம புள்ளை அரைச்ச சட்னி. உன்ற கைப்பக்குவம் அப்படியே இருந்துது" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆறு இட்லி தின்றுவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்.

தீபாவளி கழித்து வருகிறார்களாம். தாரணி ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் அவளே கொண்டுவருவாள், அவளேதான் சமைப்பாள். நான் சமையலறைக்குள் வரக்கூடாது.

வரட்டும். வந்தால் போதும்.

அக்டோபர் 6

சூலூரில் புதுத் தொழிற்சாலை திறந்தாயிற்று. நூற்றிருபது பேர், மூன்று மெஷின். சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரி போகிறது. புதுப் பாக்கெட்டில் என் படத்தைப் போட்டு, 'நம்பிச் சாப்பிடுங்க, இது கலாமணி அம்மா கைப்பக்குவம்' என்று எழுதப் போகிறாளாம் அபிநயா. படம்கூட எடுத்துவிட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன்.

"ஏன் ஆன்ட்டி? ஊரே உங்களை நம்புது."

"ஊர் நம்பும் அம்மணி. இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்க. அப்புறம் போடலாம்."

அக்டோபர் 22

வந்தார்கள்.

தாரணி இளைத்திருக்கிறாள். முன்நெற்றியில் இரண்டு வெள்ளை முடி. என் பிள்ளைக்கு வெள்ளை முடி வந்தது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை கையில் ஒரு பெரிய பை, அதில் குக்கர், கரண்டி, தட்டுகள். "வாங்க மாப்ளைங்" என்றேன். "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றார். அந்தக் குக்கரைப் பார்க்கக் கூடாது என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இரண்டு பேரும் சமையலறைக்குள் போனார்கள். நான் பின்கட்டில் துவைக்கிற கல்மேல் போய் உட்கார்ந்தேன். முப்பது வருஷம் நான் நின்ற அடுப்படியில் யாரோ புழங்குகிற சத்தம் கேட்கிறது. சின்ன வெங்காயம் வதங்குகிறது, பூண்டு விழுகிறது, சீரகம் கொஞ்சம் முந்திவிட்டது. அரிசிம்பருப்பு சாதம். குக்கர் மூன்று விசில் விட்டது. இங்கே எது எவ்வளவு என்று மூக்காலேயே என்னால் சொல்ல முடியும். ஆனால் யாரும் கேட்கவில்லை. இவர் வந்து பக்கத்தில் நின்றார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, வந்து உப்புப் பாரு."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று இவரைப் பார்த்தேன். "போ புள்ளெ, கூப்படறா" என்றார்.

வாசற்படியில் நின்றேன். தாரணி கரண்டியில் ஒரு வாய் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு நாளைக்குப் பதினோரு கிண்ணம் பார்க்கிற நாக்கு இது. வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நல்ல பெயரோடு முடிந்துவிடும். ஆனால் இனிமேல் சோற்று விஷயத்தில் பொய் சொல்வதாக இல்லை.

"உப்புக் கொஞ்சம் கம்மி கண்ணு" என்றேன்.

தாரணி என்னையே பார்த்தாள். அப்புறம் மேடையிலிருந்த உப்பு ஜாடியை எடுத்து என்னிடம் நீட்டினாள். அது என் ஜாடி, அவள் கொண்டுவந்தது இல்லை.

"நீயே போடும்மா."

மூன்று விரலால் எடுத்தேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையை உயர்த்திப் பிடித்தேன். "மாப்ளைங், உப்புத்தானுங்க, போடறேன்" என்றேன்.

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க அத்தை, பசிக்குது" என்றார்.